மூன்று வருடக் கணக்கு

அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். திருமயம், பொன்னமராவதி, இலுப்பூர், கறம்பக்குடிப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பையன்களுக்கு ராடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். எட்டாவதோ பத்தாவதோ முடித்த பையன்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்று இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இல்லை. சவுதியில் ஜுபைல், அபுதாபிப் பக்கம் ரூவைஸ், கத்தாரில் ராஸ் லஃபான், சிங்கப்பூரில் ஜூரோங் தீவு என்று சிதறிக் கிடக்கிறார்கள். எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையோ எரிவாயு ஆலையோ எந்த நாட்டில் எழுந்தாலும் அங்கே நம் பக்கத்துப் பையன் ஒருவன் முகமூடி மாட்டிக்கொண்டு குழாய்க்கு அடியில் படுத்திருப்பான்.

கற்றவர்கள் வெளிநாடு போவதைப் பற்றி உலகம் நிறையப் பேசியாயிற்று. 1970களில் ஜகதீஷ் பகவதி என்ற பொருளியலாளர் ஒரு யோசனை சொன்னார். ஏழை நாடுகள் செலவு செய்து படிக்க வைத்தவர்கள் பணக்கார நாட்டில் சம்பாதிக்கும்போது, அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு சிறு வரி வாங்கிப் பிறந்த நாட்டுக்குத் தர வேண்டும் என்றார். அது நடைமுறைக்கு வரவில்லை. அதைச் சுற்றி நடந்த வாதங்களில் டாக்டர் வந்தார், விஞ்ஞானி வந்தார், எஞ்சினீயர் வந்தார். அரசு கொடுத்த இரும்பையும் ராடையும் உருக்கித் தொழில் பழகிய வெல்டரையும் பிட்டரையும் பற்றிப் பேச ஆள் இல்லை. 2015இல் தமிழகத்தில் வீடு வீடாக எடுத்த புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 22 லட்சம் தமிழ்நாட்டினர் வெளிநாடுகளில் இருப்பதாகச் சொன்னது. அதில் கைத்தொழில்காரர்களின் கூட்டம் எவ்வளவு பெரியது என்று அறந்தாங்கி பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் நின்றவருக்குத் தெரியும்.

போனதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் கப்பல். நான் கேட்பது வேறு. போனவன் கையில் ஏறிய தொழில், அவன் திரும்பி வரும்போது இந்த மண்ணில் எங்கே இறங்குகிறது? இதற்கு முந்தைய தலைமுறைகளில் இந்தக் கேள்விக்கு விடை இருந்தது. ஒரு விடையை ஊரே கண்டுபிடித்தது. இன்னொன்றை அரசு கண்டுபிடித்தது.

முதலில் ஊர் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்த காலம். ராயவரம், குழிபிறை, பனையப்பட்டி, விராச்சிலை, நச்சாந்துபட்டி, ராங்கியம், அரிமளம், மேலைச்சிவபுரி ஆகிய நகரத்தார் ஊர்களிலிருந்து ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து கடை நடத்த, போனார்கள். இரங்கூன், மோல்மீன், பினாங்கு, ஈப்போ, கொழும்பு, சைகோன். பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக 1929-30இல் அங்கே அமைந்த வங்கி விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. வட்டித் தொழில் என்று ஒரு சொல்லில் அதை முடித்துவிடுகிறோம். அதற்குள் ஒரு தொழிற்பயிற்சி இருந்தது. என் நிலையத்தைவிடக் கறாரான பயிற்சி.

பையன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கடையைக் கூட்டுவான், பெரியவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான், கூடவே கணக்கு பழகுவான். குறிப்பு எழுதி, பேரேட்டுக்கு ஏற்றி, ஐந்தொகை போடும்வரை போக வேண்டும். கால், அரை, முக்கால், மாகாணி எல்லாம் நாக்கில் இருக்க வேண்டும். அடுத்த படி அடுத்தாள். அதற்கும் மேலே மேலாள், அதாவது கடையையே நடத்தும் ஏஜெண்ட். சம்பளச் சீட்டு எழுதிச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். மூன்று வருடம் ஒரு கணக்கு. மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். கணக்கு முடிந்ததும் அடுத்து வரும் ஆளிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

திரும்புவது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதுதான் முக்கியம். ஊர் வந்தவர் சும்மா இருக்கவில்லை. எந்தப் பையன் கைசுத்தம், யாரை எந்தக் கடைக்கு அனுப்பலாம் என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கு போடக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் இரண்டு மூன்று கணக்கு முடித்து வந்தவர்கள். கற்ற வேலை கடல் கடந்து போய், முதிர்ந்து, அடுத்த பையனுக்குள் இறங்கியது.

அந்தப் பையன்களில் ஒருவர் மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கம். சிறுவனாக இரங்கூனுக்குப் பெட்டியடிக்கப் போனார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். முதலாளி உள்ளே இருக்கும்போது அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார். வேலை போயிற்று, ஊர் வந்து சேர்ந்தார். வந்தவருக்கு ஊர்ப்பக்கத்தில் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் இருந்தார். மேலைச்சிவபுரியிலேயே 1909 முதல் சன்மார்க்க சபை நடந்துகொண்டிருந்தது. நகரத்தார் பணமும் பண்டிதமணியின் புலமையும் சேர்ந்து வளர்த்த சபை அது. பெட்டியடிப் பையனாகத் தோற்றவர் தமிழ் படித்து, பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். திரும்பி வருகிறவன் போய் நிற்பதற்கு ஊரில் ஓர் இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் இதுதான்.

நகரத்தார் ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தை மறைப்பது நியாயமில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது; சில ஆண்டுகளிலேயே அது 25 பங்கானது. அந்த மக்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது குண்டு விழுந்தபோது, கடைக்காரரும் கூலிக்காரரும் சேர்ந்து நடந்தே காடு கடந்தார்கள். போருக்குப் பிறகு மிஞ்சியிருந்தவர்களையும் 1962க்குப் பின் நே வின் அரசின் தேசியமயம் வெறுங்கையோடு அனுப்பியது. மூன்று வருடக் கணக்கு அத்தோடு முடிந்தது.

கடற்கரையோர ஊர்களின் கதை தனி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் என்று அங்கிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சபுர் (கடல் பயணம்) போன முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிய கதை சொல்லாத வீடு அங்கே குறைவு. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. அதை எழுத அந்த வீட்டுப் பிள்ளைகளே சரியான ஆட்கள்.

அரசு கண்டுபிடித்த விடைக்கு என் சொந்த வீட்டுக் கதையே சாட்சி. அது இலங்கையில் தொடங்குகிறது. என் தாய்வழிப் பாட்டனார் கங்காணி பின்னால் போனவர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா பிறந்தார், கல்யாணத்துக்கு இங்கே கொண்டுவந்தார்கள். மாமா அங்கேயே இருந்தார். கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதை வெறும் அரிவாள் வேலை என்று நினைக்கக் கூடாது. எந்தக் கொப்பை எந்த உயரத்தில், எந்தச் சரிவில் வெட்டினால் மழை நீர் தேங்கித் தண்டு அழுகாது, அடுத்த கொழுந்து பரந்து வரும் என்பது கையில் ஏற வேண்டும். தவறாக வெட்டினால் அடுத்த சில வருட விளைச்சல் போய்விடும்.

1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் என் மாமாவைக் கேட்கவில்லை. எழுபதுகளில் அவர் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாகப் பாட்டனார் ஊருக்கு வந்து சேர்ந்தார். புதுக்கோட்டையில் தேயிலை ஏது? இரண்டு கோடை சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டார். கவ்வாத்துக் கத்தியை மட்டும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அப்போது எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். "இது இங்கே எதுக்கு மாமா?" என்று கேட்டேன். "கை மறந்துரும்டா மருமகனே" என்றார்.

நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காகவே அரசு 1968இல் ஒரு தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. 1976இல் அது டான்டீ என்ற அரசு நிறுவனமானது. மாமா குடும்பத்தோடு அங்கே போனார். மறுபடி கவ்வாத்துக் கத்தி பிடித்தார். குளிர், அட்டை, குறைந்த கூலி, லயத்து வீடு என்று கஷ்டங்கள் இருந்தன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த ஒரு கூட்டத்தின் கையில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்து, அந்த வேலை நடக்கிற இடத்தை அரசு உண்டாக்கியது. காடு திருத்திச் செடி நட்டது. அப்படி ஒரு எண்ணம் ஓர் அரசாங்கத்துக்கு வந்திருக்கிறது என்பதே இப்போது நினைத்தால் ஆச்சரியம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

திருச்சிப் பக்கம் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனமான பெல்லின் தொழிற்சாலை 1960களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு எழுந்த உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை. அனல் மின் நிலையத்துக் கொதிகலன் முழுக்கக் குழாய்தான். ஒரு கொதிகலனில் ஆயிரக்கணக்கான ஒட்டு. ஒரே ஓர் ஒட்டு பிய்ந்தாலும் உள்ளே இருக்கும் நீராவி ஆளைக் கொன்றுவிடும். 1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டமும் 1950ஆம் ஆண்டின் விதிகளும் அதனால்தான் அவ்வளவு கடுமையாக இருந்தன. சோதனையில் தேறிச் சான்று பெற்ற வெல்டர் மட்டுமே அந்த ஒட்டைத் தொடலாம். 1975இல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. திருச்சியைச் சுற்றிலும், நம் மாவட்டத்து மாத்தூரிலும், பெல்லுக்கு வேலை செய்யும் பட்டறைகள் பெருகின. இந்தத் தென்பகுதிக்கு வெல்டிங் ஒரு குலத்தொழில் மாதிரி ஆனது இப்படித்தான்.

சோதனை என்றேனே, அதில் கடினமானதற்கு 6ஜி என்று பெயர். குழாயை 45 பாகை சாய்த்துக் கட்டிவிடுவார்கள். அதைத் திருப்ப முடியாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். அடியில் ஆரம்பித்தால் உலோகம் தலைக்கு மேல் உருகும், பக்கவாட்டில் வரும்போது சரியப் பார்க்கும், மேலே வரும்போது கொழுத்துவிடும். ரூட் என்னும் முதல் அடி ஒட்டைப் போடும்போது மூச்சைக்கூட அளந்து விட வேண்டும். ஒட்டு முடிந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே குண்டூசித் தலையளவு குமிழி இருந்தாலும் பிலிமில் கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கைக்கு ஒரு வருடப் படிப்பு போதாது. எங்களிடம் அரிச்சுவடி கற்றவன் மாத்தூரிலோ துவாக்குடியிலோ பட்டறையில் மூன்று நான்கு வருடம் வெந்தால்தான் 6ஜிக்கு ஆள் ஆவான்.

வெந்து ஆளானதும் போய்விடுவான்.

1973இல் கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. வளைகுடா நாடுகள் ஆலை கட்ட ஆரம்பித்தன. குழாய் போட ஆள் வேண்டும். பம்பாயிலிருந்து ஏஜெண்டுகள் வந்து டிரேட் டெஸ்ட் வைத்தார்கள். தமிழக அரசும் 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. 1922ஆம் ஆண்டின் பழைய குடியேற்றச் சட்டத்துக்குப் பதிலாக 1983இல் புதிய சட்டம் வந்து, ஏஜெண்டுகள் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும் என்றது. ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இன்று உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். சிங்கப்பூர் வேலைக்கு லட்சங்கள் கொடுத்துவிட்டுத் தாயின் நகையை மீட்க முதல் வருடச் சம்பளம் முழுவதையும் அனுப்பிய பையன்களை எனக்குத் தெரியும். சம்பளச் சீட்டு எழுதி முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவன் அன்றைய பெட்டியடிப் பையன். இன்று பையன்தான் முன்பணம் கட்டுகிறான்.

சிங்கப்பூரில் இந்த மாவட்டத்துப் பையன்கள் எவ்வளவு பேர் என்பதை வெளியுலகம் 2013 டிசம்பர் 8 அன்று அறிந்தது. லிட்டில் இந்தியாவில் தனியார் பஸ் மோதி இறந்த கட்டடத் தொழிலாளி புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். அந்த இரவில் நடந்த கலவரத்தைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் கூடி நின்று ஊர்ப்பேச்சு பேசுவதைத் தவிர அவர்களுக்கு வேறென்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் பேர்தான் எழுதினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடித் தென்னைகளைச் சாய்த்த பிறகு இன்னும் ஒரு கூட்டம் பாஸ்போர்ட் எடுத்தது. தென்னம்பிள்ளை வைத்துக் காய்க்க வருடக்கணக்கில் ஆகும். கடன்காரன் அதுவரை காத்திருக்க மாட்டான்.

சிங்கப்பூர் அரசிடம் நான் மதிக்கும் ஒன்று உண்டு. அங்கே கட்டட வேலைக்குப் போகிறவன் இங்கேயே ஸ்கில் டெஸ்ட் அடித்துத் தேற வேண்டும். அங்கே போனபின் அனுபவமும் கூடுதல் தேர்ச்சியும் சேர்ந்தால் உயர்திறன் தொழிலாளி ஆகிறான். அவனை வைத்திருக்கும் முதலாளி அரசுக்கு மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை கட்டினால் போதும். அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவனுக்கு 900 வெள்ளி கட்ட வேண்டும். 2024 முதல் இதுதான் கணக்கு. கைத்திறனுக்கு 400 வெள்ளி வித்தியாசம் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அந்த லாபம் தொழிலாளிக்குப் போகிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் திறமையை அளந்து, பதிந்து, அதற்கு ஒரு மதிப்பு போடுகிறார்கள்.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் கண் மங்கும்போது அவன் திரும்பி வருகிறான். இங்கே அவனை அளக்க ஆள் இல்லை. அனல் மின் திட்டங்கள் குறைந்ததும் பத்து வருடங்களுக்கு முன்பே மாத்தூர் பட்டறைகள் பலவற்றில் வேலை சுருங்கிவிட்டது. கொண்டுவந்த பணத்தில் வீடு கட்டுகிறான், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறான், கையில் மிஞ்சுவதில் ரோட்டோரம் ஒரு கிரில் பட்டறை போடுகிறான். ராஸ் லஃபானில் எரிவாயுக் குழாய்க்கு ரூட் போட்டவன் ஜன்னல் கம்பி ஒட்டுகிறான். என் மாணவன் ஒருவன் சொன்னான்: "அங்க என் ஜாயின்ட்ல ஒரு ரிப்பேர் வந்துட்டா மூணு பேரு வந்து நிப்பாங்க சார். இங்க கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டா யார் ஒட்டுனதும் ஒண்ணுதான்." அவன் வருத்தம் வருமானத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

2020இல் கொரோனாவால் வேலை இழந்து விமானத்தில் வந்திறங்கியவர்களின் தொழில் விவரங்களைப் பதிந்துகொள்ள மத்திய அரசு ஸ்வதேஸ் என்ற திட்டம் கொண்டுவந்தது. நல்ல எண்ணம். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். தொழில்: வெல்டர். அனுபவம்: பதினெட்டு வருடம், இருபத்திரண்டு வருடம். எழுதும்போதே மலைப்பாக இருந்தது. இவ்வளவு வருட அனுபவத்தை ஒரே திண்ணையில் ஒன்றாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விமானம் மறுபடி ஓடத் தொடங்கியதும் உடம்பில் தெம்பு இருந்தவர்கள் பழைய கம்பெனிகளுக்கே போய்விட்டார்கள்.

போக முடியாமல் தங்கிவிட்டவர்கள் இப்போதும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் பயிற்றுநர் இடம் காலியாகும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது. ஆனால் பயிற்றுநர் வேலைக்குப் பயிற்றுநர் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ரூவைஸில் இருபது வருடம் 6ஜி ஒட்டியவனிடம் அது இருக்காது. அங்கே அவனுக்குக் கொடுத்த வெல்டர் கார்டும் கம்பெனி மாறும்போதே செல்லாமல் போயிருக்கும். ஆகவே பாடப்புத்தகத்தில் மட்டும் 6ஜியைப் பார்த்தவர் வகுப்பெடுக்கிறார், அதைச் செய்தவர் தெருமுனையில் கேட் ஒட்டுகிறார்.

நான் கேட்பது ஒரு சோதனை. மாவட்டத்துக்கு ஒரு நாள் குறித்து, திரும்பி வந்த வெல்டர்களை அழைக்கட்டும். 45 பாகையில் குழாயைக் கட்டிக் கொடுத்து ஒட்டச் சொல்லட்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும். பிலிம் சுத்தமாக இருந்தால் அந்தப் பிலிமையே தகுதியாக வைத்து, சிறப்புப் பயிற்றுநராக வகுப்பறையில் நிறுத்தட்டும். கற்பிக்கும் முறையைச் சேர்ந்தபின் சில மாதத்தில் சொல்லிக்கொடுக்கலாம், அதை நானே வந்து சொல்லித் தரத் தயார். ஆளுக்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் குழாய், கொஞ்சம் ராடு, ஒரு பிலிம். இந்த மனுவை இரண்டு ஆட்சியர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது ஆட்சியருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.